வாடகை வீட்டுப் புறாக்கள்

எங்கள் புறாக்கள் ஆறும் கொக்குவில் வாடகை வீட்டில் பொரித்தவை. கோழிக்கூட்டுக்கு மேலே அப்பா அடித்துக்கொடுத்த பலகைப் பெட்டியில் அவை குடியிருந்தன. அவற்றில் வெள்ளைப் பேடு என்னுடையது. என் கையிலிருந்து பயறு தின்னும்.

வீட்டுக்கார மாமிக்கு அவற்றைக் கண்ணில் காட்டக்கூடாது. கிணற்றுக்கட்டில் எச்சம், காயப்போட்ட மிளகாயில் எச்சம், ஒருமுறை அவருடைய கோயில் சேலையிலும். "நான் சைவமாப் போனன் தம்பி, இல்லாட்டி உதுகளை எப்பவோ கறி வைச்சிருப்பன்" என்று அப்பாவிடம் சொல்வார். அப்பா சிரித்துக்கொண்டே கழுவிவிடுவார்.

தெல்லிப்பழையில் இராணுவம் பிடித்து வைத்திருந்த அப்பாவின் காணி விடுவிக்கப்பட்டதும் அங்கே சிறிதாக ஒரு வீடு கட்டிப் போனோம். அந்த வளவை விட்டு அவர் வெளியேறியபோது சிறுவன். திரும்பும்போது தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. பழைய வீட்டில் மிஞ்சியிருந்தது கிணறு மட்டும். சுற்றிலும் இன்னும் ஆட்கள் வராத காணிகள். எனக்கு விளையாட ஒருவரும் இல்லை. புதுப் பள்ளிக்கூடத்திலும் யாரையும் தெரியாது.

புது இடத்துக்குக் கொண்டுபோன புறாவை, அது அங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும்வரை திறந்துவிடக்கூடாது. இது அப்பாவுக்குத் தெரியாததல்ல. மற்றவர்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுப்பார். ஆனால் அந்த வளவு புது இடம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பால் காய்ச்சிய அன்றே கூட்டைத் திறந்தார். "எங்கடை வளவுக்கு வந்தாப் பிறகும் ஏன் பூட்டி வைப்பான்?"

ஆறும் எழும்பிப் பனைகளுக்கு மேலே வட்டமடித்தன. பிறகு ஒரே கூட்டமாகத் தெற்கே போயின. நான் வேலிவரை ஓடினேன். பின்னேரம் மாமி தொலைபேசியில் வந்தார்.

"தம்பி, உங்கடை ஆக்கள் இஞ்சை வந்து நிக்கினம். பசியோடை வந்ததுகள் எண்டு கொஞ்சம் அரிசி போட்டனான். இனிப் போடமாட்டன், வந்து கொண்டுபோங்கோ."

அப்பா மோட்டார் சைக்கிளில் போய், பொழுதுபட்டு அவை அடங்கிய பிறகு பிடித்துக் கூடையில் கொண்டுவந்தார். இந்தமுறை பூட்டித்தான் வைத்தார். சில வாரங்களில் மரநாய் ஒன்று கூட்டின் வலையைப் பிய்த்து ஓர் ஆண் புறாவைக் கொண்டுபோனது. இனிக் கூட்டுக்குள் வைத்தாலும் ஆபத்து என்று மற்றவற்றைத் திறந்துவிட்டார். ஐந்தும் வட்டமடிக்கக்கூட நிற்கவில்லை.

எங்களைப் போலவே திரும்பி வந்து வீடு கட்டிக்கொண்டிருந்த அடுத்த காணிக்காரர் வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டார். "என்னண்ணை, சொந்த வீடு குடுத்தும் வாடகை வீட்டுக்கெல்லே ஓடுதுகள்!"

அப்பா சிரிக்கவில்லை. கிழிந்த வலையைச் சுருட்டியபடி, "விசர்ப் பிராணியள். தங்கடை ஊர் எது எண்டு தெரியேல்லை" என்றார்.

"அதுகளின்ரை ஊர் கொக்குவில்தானே அப்பா" என்றேன். "அங்கைதானே பொரிச்சதுகள். நானும் அங்கைதானே பிறந்தனான்."

அப்பா வலையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா குசினி வாசலிலிருந்து, "வாய் காட்டாமல் சாப்பிட வா" என்றார்.

அதன்பிறகு அவர் புறாக்களைப் பிடித்துவரப் போகவில்லை. நீங்களே வைத்திருங்கள் என்று மாமியிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டார். "ஐயோ, எனக்கென்னத்துக்கு உந்தச் சனியன்கள்?" என்று மாமி கத்தியது எனக்கும் கேட்டது. அடுத்த கிழமை அப்பாவோடு அங்கே போனபோது மாமரத்தடியில் புதிதாக ஒரு தண்ணீர்ச் சட்டி இருந்தது.

அன்று தொடங்கி, சனிக்கிழமைகளில் வேலையால் வந்ததும் அப்பா கூப்பிடுவார். "வா பிள்ளை, புறாக்களைப் பாத்திட்டு வருவம்." நான் சோளப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் ஏறுவேன். வெள்ளைப் பேட்டுக்குத் தீனி கொடுத்தவுடன் முன்வீட்டுப் பிள்ளையோடு வாசலுக்கு வெளியே ஒழுங்கைக்கு ஓடிவிடுவேன். இருட்டும்வரை விளையாட்டு. ரயில் போனால் நின்று கை காட்டுவோம். அப்பா கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தபடி மாமியின் முறைப்பாடுகளைக் கேட்டுக்கொண்டிருப்பார். கண் ஒழுங்கையில் இருக்கும். கூரையில் நிற்கும் புறாக்களை அவர் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

ஒருநாள் வெள்ளைப் பேட்டின் குஞ்சுகள் இரண்டை, இறகு முளைக்க முன்னரே, துணியில் சுற்றிக் கொண்டுவந்தோம். ஊறவைத்த பயற்றை அலகுக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளி வளர்த்தேன். ஒன்று பிழைக்குமோ என்று பயந்து அம்மா அதைக் குசினிக்குள் சூட்டில் வைத்தார். இரண்டும் தப்பின. முதன்முதல் திறந்துவிட்ட அன்று நான் வேலிவரை ஓடினேன். பனைவரை போய்த் திரும்பி, எங்கள் தண்ணீர்த் தாங்கியின் மேல் வந்து குந்தின. அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

மழைக்காலம் முடிந்த ஒரு சனிக்கிழமை. பக்கத்துக் காணிகளுக்கும் ஆட்கள் வந்துவிட்டார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேரோடு வளவில் கிளித்தட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். அப்பா வழக்கம்போலக் கூப்பிட்டார்.

"நான் வரேல்லை அப்பா. நீங்கள் போட்டு வாங்கோ!"

அவர் மோட்டார் சைக்கிளின் திறப்பைக் கழற்றினார். சோளப் பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய் அம்மாவிடம் ஏதோ சொன்னார். இருவரும் சிரிப்பது கேட்டது. பிறகு கிணற்றடியில் வந்து உட்கார்ந்து எங்கள் விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கொக்குவில் புறாக்களை நினைக்கப் பாவமாக இருந்தது. அவ்வளவு ஆசையாய்ப் போய்வந்தவர், நான் வரவில்லை என்றதும் தானும் நின்றுவிட்டாரே என்று மனம் பொறுக்கவில்லை. படுக்கப் போகும்போது அம்மாவிடம் முறையிட்டேன்.

"அப்பாவுக்கு இப்ப புறாக்களிலை பாசமில்லை, அம்மா."