அது ஒண்ணும் செய்யாதும்மா

நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறும். "அது ஒண்ணும் செய்யாதும்மா." செய்யாது என்று உங்களுக்குத் தெரியும் சாமி. எதிரே வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் சங்கரன்கோவில் பூங்காவில் நடக்கிறவர்களுக்கென்று கல் பாவிய பாதை ஒன்று உண்டு. நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் கூட்டி வர வேண்டும் என்று வாசலிலேயே கொட்டை எழுத்தில் போர்டும் உண்டு. நான் அங்கே போக ஆரம்பித்தது என் வீட்டுக்காரருக்காக. வாசுதேவநல்லூர் போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த மனிதரைப் பக்கவாதம் ஒரே காலையில் கட்டிலில் போட்டுவிட்டது. வலது காலும் பேச்சும் போயின. பல மாதம் கழித்துக் கால் கொஞ்சம் திரும்பியது. பேச்சு மட்டும் ஒவ்வொரு வார்த்தையாக, தேடித் தேடித்தான் வரும்.

"தினமும் வெளியில நடக்க வைங்க. நடந்தா தேறிருவாரு. வீட்டுல உக்காந்துட்டா அவ்வளவுதான்" என்று பிசியோதெரபிக்காரர் கண்டிப்பாகச் சொன்னார். இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றி முடிந்து, நான் பின்னாலிருந்து அதைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும் என்று கட்டியும் காட்டினார். தெருவில் அப்படிப் போக இவருக்குக் கூச்சம். பூங்கா என்றதும் சம்மதித்தார். கொஞ்ச நாளிலேயே ஒரு சுற்று முழுசாக நடந்து முடித்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

அங்கேதான் அந்தப் பாத்திரக்கடைக்காரர் வருவார். பஜாரில் பெரிய கடை, ஊரில் பெரிய கை. கூடவே நாலு சேக்காளிகள். முன்னால் வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் நாய், என் இடுப்பு உயரம். கயிறு? அது அவருடைய தோளில் கிடக்கும்.

பார்த்த முதல் நாளே சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி, இவுகளுக்குக் கால் சரியில்ல. நாயக் கொஞ்சம் கயித்துல பிடிச்சுக்கிடுங்க."

"அது ஒண்ணும் செய்யாதும்மா. பிள்ள மாதிரி வளக்கேன். நீங்க ஏன் பயப்படுதிய? பயந்தாத்தான் அது கிட்ட வரும்."

பாருங்கள் நியாயத்தை! நாயை அவிழ்த்து விட்டது தப்பில்லை, நாங்கள் பயந்ததுதான் தப்பு.

அந்த வாரமே அது நடந்தது. பாதை திரும்புகிற இடத்தில் நாய் எங்கிருந்தோ ஓடி வந்து, முன்னங்கால் இரண்டையும் தூக்கி இவர் நெஞ்சில் வைத்தது. கடிக்கவில்லை, நான் பொய் சொல்ல மாட்டேன். வாலைத்தான் ஆட்டியது. ஆனால் ஒரு கால் விளங்காத மனிதர் மேல் அவ்வளவு பெரிய நாய் ஏறினால் என்ன ஆகும்? என் பலம் முழுவதையும் போட்டுத் துண்டை இழுத்துப் பிடித்தேன். அப்படியும் தள்ளாடித் தரையில் உட்கார்ந்துவிட்டார். வேட்டியெல்லாம் புழுதி. நாய் அவர் முகத்தை நக்குகிறது. கடைக்காரர் ஆற அமர நடந்து வந்து, "வெளையாடுது" என்றார்.

சேக்காளிகளில் ஒருவர் என் கையிலிருந்த துண்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நாய்க்குக் கயிறு இல்லாட்டி என்ன, மதினி அவுக வீட்டுக்காரருக்குப் போட்டுருக்காகள்லா!"

எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் கிளம்பச் சொன்னேன். "வரல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த நாளும் அதே வார்த்தை. அதற்கடுத்த நாளும். திரும்பிய கால் என் கண் முன்னாலேயே மறுபடி விறைக்கத் தொடங்கியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நாயைக் கயிற்றில் பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

பக்கத்து வீட்டுக்காரி வேறு யோசனை சொன்னாள். "யக்கா, கோயில்ல தகடு விக்காகள்லா, நாய் உருவம் இருந்தா ஒண்ணு வாங்கி உண்டியல்ல போட்டுருங்க. பயம் தெளிஞ்சிரும்."

பாம்பு, தேள் தொல்லைக்கு எங்கள் ஊரில் அப்படித் தகடு வாங்கிப் போடுவது வழக்கம்தான். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் பாம்புக்கும் தேளுக்கும் முதலாளி கிடையாது, அதனால் அம்மனிடம் சொல்கிறோம். இந்த நாய்க்கு முதலாளி இருக்கிறார். அவர் தோளில் கயிறும் இருக்கிறது. அதை எடுத்து நாய் கழுத்தில் மாட்ட அம்மனா இறங்கி வர வேண்டும்?

நகராட்சிக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கடைக்காரரோ பஜார் முழுக்க, "ஒரு வாயில்லா ஜீவன் மேல போயி பெட்டிஷன் போடுதாக" என்று சொல்லித் திரிந்தார். கேட்டவர்களெல்லாம் நாய்க்காக உச்சுக் கொட்டினார்கள். என் வீட்டில் நிஜமாகவே வாயில்லாமல் ஒருவர் முடங்கிக் கிடக்கிறாரே, அவருக்காக ஒருத்தராவது உச்சுக் கொட்டினார்களா?

கடைசியில் நகராட்சியிலிருந்து ஆள் வந்து, இனி கயிறில்லாமல் வந்தால் அபராதம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். நாய் கயிற்றில் நடந்தது. கடைக்காரர் முகம் கடுகடுவென்றிருந்தது. எனக்கென்ன! வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

"கட்டிட்டாங்க! இனிமே அது கிட்டயே வராது. எந்திரிங்க, போவோம்" என்று துண்டை எடுத்து அவர் இடுப்பில் சுற்றப் போனேன். இடது கையால் அதைத் தள்ளினார்.

"நாய்… இல்ல."

"பின்ன என்ன?"

வார்த்தையைத் தேடினார். நெற்றி நரம்பு புடைத்தது. "சிரிச்சாங்க."

"அவனுவ கெடக்கானுவ, மானங்கெட்டவனுவ! நல்லா இருப்பானுவளா…" என்று நான் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தேன். முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயும்" என்றார்.

உண்மைதான். பெரிய மனிதர்கள் ஏதோ கேலி பேசுகிறார்கள், முகத்தைக் கோணினால் நன்றாயிருக்காது என்று, அந்தத் துண்டைக் கையில் பிடித்தபடியே நானும் பல்லைக் காட்டியிருந்தேன். அவர் அப்போது தரையில் உட்கார்ந்திருந்தார், என் முகத்தைப் பார்த்தபடி.