டிரைவரின் தூக்கக் கணக்கு

திண்டிவனத்தில் தூக்க மருத்துவரின் அறைக்கு வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், விழுப்புரம் போகும் தனியார் பஸ்ஸின் டிரைவர். பருத்த கழுத்து, பாதிப் பேச்சிலேயே மூடிக்கொள்ளும் கண்கள். தூக்கத்தில் மூச்சு நின்றுபோவதால் அவருக்கும் என்னைப் போலவே, முகமூடி வழியாக மூக்கில் காற்றைச் செலுத்தும் சிபாப் மெஷின் கொடுத்திருந்தார்கள். தினமும் எத்தனை மணி நேரம் முகமூடி மாட்டினோம் என்பதை அதுவே பதிவு செய்துகொள்ளும். பதிவு சரியாக இருந்தால்தான் டாக்டர் சான்றிதழ் தருவார்; சான்றிதழ் இருந்தால்தான் முதலாளி பஸ்ஸைத் தருவார்.

"எப்படிப் பழகினீங்க?" என்றேன். எனக்கு ஒரு மணி நேரமே தாங்கவில்லை.

"நான் எங்க சார் பழகினேன்? மாட்டிக்கினா மூச்சு முட்டுது. இவதான் தெனம் மாட்டிக்கினு தூங்குறா. யார் மூக்குன்னு மெஷினுக்குத் தெரியவா போவுது?"

அருகிலிருந்த அவர் மனைவியின் கன்னத்தில் முகமூடிப் பட்டை அழுந்திய தடம். கல்லூரி ஆசிரியராக முப்பது ஆண்டுகள் ஆள்மாறாட்ட வருகைப் பதிவுகளைப் பிடித்தவன் நான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அவர்கள் உள்ளே போனார்கள். கதவு திறந்தே இருந்தது. பதிவைப் பார்த்த டாக்டர் பூரித்துப்போனார்.

"பிரமாதம்! இனிமே தாராளமா பஸ் ஓட்டலாம்."

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்களே டாக்டர்," என்றார் மனைவி.

டிரைவர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டிருந்தார். அந்த அம்மாள் அதை வெகுளியாகச் சொன்னாரா, பயணிகளை நினைத்துச் சொன்னாரா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.