மாதப்பன் கொடுக்காத சுவர்

கம்பைநல்லூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. "பெரியப்பா, அப்பா போயிட்டாருங்க" என்றான் என் நண்பர் மாதப்பனின் மகன். இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

மாரண்டஹள்ளியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்த மாதப்பனை ஊர்க்காரர்களான உங்களுக்குத் தெரியும். இளமையில் அவர் படித்தது பெலாரஸில். நீங்கள் கடைசிவரை அதை ரஷ்யா என்றே சொன்னீர்கள். "எல்லாம் ஒண்ணுதானுங்களே" என்று டீக்கடையில் ஒருவர் சிரித்தார். மாதப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். "உங்க வூட்டையும் பக்கத்து வூட்டையும் ஒண்ணாக்கிடலாமுங்களா? மேற்கே போலந்துக்காரன் ஆண்டப்ப, பெலாரஸ்காரங்க பேசறது பட்டிக்காட்டுப் பேச்சுன்னான். கிழக்கே ரஷ்யாக்காரனும் அதையேதான் சொன்னான்." வீட்டில் கன்னடம் பேசி வளர்ந்தவர் அவர். அந்த ஏளனம் அவருக்குப் புதிதல்ல.

சில ஆண்டுகளுக்கு முன், தேர்தலில் மோசடி என்று பெலாரஸ் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்ற தங்கள் பழைய கொடியைப் பிடித்ததற்கே சிறைக்குப் போனார்கள். மாதப்பன் கடையின் பக்கச் சுவரில் அந்த மூன்று பட்டைகளை அடித்தார். மறுநாள் சுவரோரம் கற்பூரம் எரிந்தது. "எந்தச் சாமிங்க?" என்று பூக்கார அம்மா கேட்டார். "இன்னும் கும்பாபிஷேகம் ஆகலைங்கம்மா" என்றார் மாதப்பன்.

பஸ் போகிற வழியில் உள்ள சுவர் அது. தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்காரர்களும் கேட்பார்கள். "நாங்க எழுதலைன்னா அவனுங்க எழுதிருவானுங்க, அதுக்குத்தாங்க கேக்கறோம்" என்றார் ஒருவர்.

"அங்கயும் இதே கதைதாங்க" என்றார் மாதப்பன். " அவன் எடுத்துக்குவான்னு இவன் எடுத்துக்கறான். சொவத்துக்காரன் ஒருத்தன் நிக்கறேனே, கண்ணுக்குத் தெரியலைங்களா?"

கருமாதியன்று கடைப்பக்கம் போனேன். சுவரில் பாதிக்குச் சுண்ணாம்பு ஏறியிருந்தது. "அவருதான் இல்லைங்களே, பெரியவரே" என்றார் கட்சிக்காரர்.

"அவரு இல்ல. சொவரு இருக்குது" என்றேன். சுவரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மகனும் ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டான். கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பட்டைகளை நானே மறுபடி அடித்தேன். சிவப்பு கொஞ்சம் கோணல்.

மாதப்பனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, மிரட்டினாலும் குழைந்தாலும் கொடுக்காத அந்தக் குணம். அந்த நாட்டை நான் பார்த்ததில்லை, பார்க்கப்போவதுமில்லை. அங்கே அந்தக் கொடி ஏறும்வரை இங்கே எவனும் அந்தச் சுவரில் எழுதப்போவதில்லை. எழுத வருகிறவர்கள் தாராளமாக வரலாம். நாற்காலி அங்கேயேதான் கிடக்கிறது.