நான் ஜெயித்த கடல்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. கிழக்குக் கடல் கட்சியில் அம்மா மட்டும். மேற்குக் கடல் கட்சியில் நான் மட்டும். அப்பா ஓமான் நாட்டில் சலாலா என்ற ஊரில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் போனில் இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த லீவுக்கு வரும்போது எல்லோருமாகக் கடலுக்குப் போவது என்று அப்பாதான் ஆரம்பித்து வைத்தார். எந்தக் கடல் என்று சொல்லாமல் விட்டதுதான் வினை. ஆலங்குடியைத் தாண்டி, முந்திரிக் காடும் நிலக்கடலைக் கொல்லையுமாக இருக்கும் எங்கள் ஊரிலிருந்து கிழக்கே போனால் அரை நாளில் வேதாரண்யத்துக் கோடியக்கரை. அங்கேதான் போகவேண்டும் என்றாள் அம்மா. அலை பெரிதாக இருக்காது, முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம், போகிற வழியில் சாமியும் கும்பிட்டுவிடலாம். அம்மாவுக்கு அலை என்றால் பயம். கடல் கிடக்கட்டும், கண்மாயிலேயே இடுப்பு நனைகிற ஆழத்துக்கு இறங்கமாட்டாள். படியில் உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டு எழுந்து வந்துவிடுவாள்.

நான் கேட்டது கோவளம். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு மேல் அதைப்பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் வகுப்பில் ஒருவன் முழுப்பரீட்சை லீவுக்கு அங்கே போய்விட்டு வந்து, சூரியன் கடலுக்குள் விழுவதைப் பார்த்ததாகச் சொன்னான். விழும்போது, சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் சத்தம் வரும் என்று புத்தகத்தின்மேல் சத்தியம் செய்தான். எங்கள் பக்கத்துக் கடலில் சூரியன் எழும்புமே தவிர விழாது. அதற்கப்புறம் எனக்குக் கிழக்குக் கடல்மேல் மதிப்பே போய்விட்டது.

“எந்திரிக்கிறதப் பாத்தா ஆகாதா ஒனக்கு?” என்பாள் அம்மா.

“அதான் நம்ம வீட்டுலேருந்தே தெரியுதே.”

“விழுறதும்தான் தெரியுது.”

“அது பனமரத்துக்குப் பின்னாடி விழுது. தண்ணியில விழல.”

எனக்கு வாதம் தீர்ந்துபோனால் சுனாமியை எடுத்துவிடுவேன். அது வந்தது கிழக்குக் கடலில்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். உடனே அம்மா பேச்சை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அதை நான் என் கணக்கில் ஒரு வெற்றியாக வைத்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்கு வேலை இல்லை. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவோம். முதலில் அம்மா. “கோடியக்கரைதான், வேற பேச்சே இல்ல. அவன் கெடக்குறான் சின்னப்பய” என்று அவளுக்குச் சொல்வார். அப்புறம் நான். உடனே குரல் மாறும்.

“மேக்குக் கடலுக்கே போவோம் தம்பி. எங்க ரூமுக்குப் பின்னாடி அடிக்கிறதும் அந்தத் தண்ணிதான். எனக்கு பிளேனு எதுக்கு? நான் இங்கிட்டு எறங்குறேன், நீங்க அங்கிட்டு எறங்குங்க. நடுவுல பாத்துக்குவோம்.”

“அம்புட்டு ஆழத்துக்கு நான் வரமாட்டேன். நீங்களே வந்து சேருங்க” என்பாள் அம்மா, போனுக்குப் பக்கத்திலிருந்து.

“வாரேன், வாரேன்” என்று அப்பா சிரிப்பார்.

எனக்கு விவரம் தெரிந்து அப்பா இரண்டு முறைதான் வீட்டுக்கு வந்திருந்தார். மற்றபடி அவர் அந்தப் போனுக்குள்தான் இருந்தார். பிள்ளையையும் கிள்ளிவிட்டு, தொட்டிலையும் ஆட்டிவிடுகிற மனிதர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனை வைத்த பிறகு நாங்கள் இருவருமே ஜெயித்த முகத்தோடு இருந்தோம். வீட்டில் சண்டை ஓயாமல் நடக்கவேண்டும், அதில் தான் பேசப்பட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டிருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. மறுநாள் வந்தது. பேசியது அப்பா இல்லை. அதே அறையில் தங்கியிருந்த எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். தூங்கப்போன மனிதர் எழுந்திருக்கவில்லை என்றார். அம்மா போனைக் கீழே வைக்காமலே உட்கார்ந்துவிட்டாள். வீடு நிறைய ஆட்கள் வந்து அழுதார்கள். அழவேண்டும் என்று எனக்கும் தெரிந்ததால் நானும் அழுதேன். ஆனால் அப்பா செத்துப்போனதற்கும் வெள்ளிக்கிழமை போன் வராததற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மணி அடித்தபோது ஓடிப்போய் எடுத்தேன். யாரோ துக்கம் கேட்டார்கள்.

உடலைக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அப்பாவுக்கு விசா கொடுத்து எடுத்த முதலாளி ஒருவர், வேலை பார்த்த இடம் இன்னொருவருடையது. யார் கையெழுத்துப் போடுவது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், வாசலில் நின்று போனில் பேசினார். கடைசியில் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார். போனில் தலையாட்டினால் அந்தப் பக்கம் யாருக்குத் தெரியும் என்று நான் நினைத்தது நினைவிருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கி மாலை போட்டுக் கருமாதி நடந்தது. கண்மாய்க்கரையில் எனக்கு மொட்டையடித்தார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போனேன்.

வருடம் திரும்பப் போகிற சமயம், தை அமாவாசைக்குக் கோடியக்கரைக்குப் போய் என் கையால் எள்ளும் தண்ணீரும் விடவேண்டும் என்று பெரியப்பா வந்து நின்றார். எங்கள் பக்கத்தில் இறந்தவர்களுக்குக் கிழக்குக் கடல்தான். இராமேஸ்வரமோ கோடியக்கரையோ, வசதிப்பட்ட இடத்தில் முழுக்குப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். கடைசியில் அம்மா கட்சிதான் ஜெயிக்கப்போகிறது, அதற்கு அமாவாசையும் துணைக்கு வந்துவிட்டது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, பெரியப்பாவுக்கு சோடா வாங்கி வா என்று அம்மா என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டாள்.

சோடாவோடு திரும்பி வந்தபோது பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா என்னிடம் சொன்னாள்: “கோவளத்துக்குப் போறோம்டா.”

நான் சோடா பாட்டிலோடு குதித்தேன். மூடியைத் திறந்ததும் பாதி சோடா பெரியப்பா வேட்டியில் போயிற்று. வழக்கமாக அதற்கு ஒரு அதட்டல் விழும். அன்று அவர் வேட்டியை மட்டும் உதறிவிட்டுக்கொண்டார்.

நான் கடைக்குப் போயிருந்தபோது என்ன பேசினார்கள் என்பது, நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அம்மாவின் தம்பி, என் மாமா, சொல்லித்தான் தெரியும். “மேக்க போயி எவன் திதி குடுத்தான்? அது ஊரு சுத்திப் பாக்குறவன் போற கடலு” என்றிருக்கிறார் பெரியப்பா. அம்மா குரலை உயர்த்தவில்லையாம். “அங்கயே எரிச்சுச் சாம்பல அங்கயே கரைக்கச் சொல்லி நீங்கதான் தலையாட்டுனீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவுகள எந்தக் கடல்ல கரைச்சாங்களோ அந்தக் கடலுக்குத்தான் நான் போவேன்.”

அறைக்குப் பின்னால் அடிக்கிறதென்று அப்பா சொன்னாரே, அந்தக் கடல். கூட இருந்தவர்கள் லாரியில் எடுத்துப்போய்க் கரைத்திருக்கிறார்கள். இது வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். சின்னப் பையன் பயந்துகொள்வான் என்று எனக்கு மட்டும் சொல்லவில்லை.

ஊர் வேறுமாதிரி பேசியது. புருஷன் செத்து வருஷம் திரும்பவில்லை, கோவளத்துக்கு டூர் போகிறாள் என்றார்கள். குழாயடியில் அது அம்மா காதுபடவே வந்தது. அவள் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. “பய ஆசப்பட்டான்” என்பாள், அவ்வளவுதான். ஆக, அந்தப் பயணம் முழுக்க முழுக்க என் பிடிவாதத்தால் நடப்பது என்று ஊரே நம்பியது. நானும் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மாமா துணைக்கு வந்தார். மதுரை வரை பஸ், அப்புறம் ரயில். அம்மா மடியில் ஒரு மஞ்சப்பை இருந்தது. வறுத்த முந்திரியின் வாசம் அதிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அப்பா லீவு முடிந்து கிளம்பும்போதெல்லாம் அம்மா வறுத்துக் கொடுத்துவிடுகிற முந்திரி. கேட்டபோது, கடலுக்குப் போய்த் தரேன் என்றாள்.

கடற்கரைக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். மணல் கறுப்பாக இருந்தது. அலை ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு மதில் உயரத்துக்கு எழும்பி விழுந்தது. நானே இரண்டடி பின்னால் வந்துவிட்டேன். ஆனால் அம்மா நிற்கவில்லை. சேலையைக்கூடத் தூக்கிச் செருகாமல், தெரிந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நேராக உள்ளே போனாள். முழங்கால் போயிற்று, இடுப்பு போயிற்று. காவலுக்கு இருந்தவர் விசில் அடித்தார். “அக்கா, போதும்! அக்கா!” என்று மாமா கத்திக்கொண்டு ஓடி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை நாளும் அலைக்குப் பயப்பட்டவள், என் கடலைப் பார்த்ததும் பயமே போய்விட்டது பார் என்று நினைத்தேன்.

அம்மா அங்கே நின்று பையிலிருந்து எள்ளும் அரிசியும் விட்டாள். பிறகு முந்திரியைக் கைநிறைய அள்ளி, குனிந்து, தண்ணீருக்குள் வைத்தாள். பை காலியாகிற வரைக்கும் வைத்தாள்.

“எனக்கு?” என்று கரையிலிருந்து கேட்டேன்.

அவள் திரும்பவில்லை. மாமா வந்து குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தார். அவர் கண் சிவந்திருந்தது. உப்புத் தண்ணீர் பட்டால் அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். ஊரிலிருந்து சுமந்துவந்த முந்திரியை மீனுக்குப் போட்டது எனக்கு ஆறவேயில்லை.

சூரியன் விழுந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் வரவில்லை. சிவப்பாகத் தொட்டது, பாதியானது, காணாமல் போனது. வகுப்பில் அவனை எப்படி மடக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டே, குளிருக்கு முட்டிக்கொண்டு வரவும், கால்சட்டையை இறக்கிவிட்டு அலையைப் பார்த்து ஒன்றுக்குப் போனேன். கண்மாயில் குளிக்கிற பையன்கள் யாரும் செய்வதுதான்.

முதுகில் விழுந்த அடியில் ஐஸ் குச்சி தெறித்துப் போயிற்று. அம்மா அதுவரை என்னை அடித்ததே இல்லை. அப்பா பக்கத்தில் இல்லாத பிள்ளை என்று மற்றவர்கள் அடிக்கவும் விடமாட்டாள். அன்று மறுபடியும் மறுபடியும் அடித்தாள். அப்புறம் அங்கேயே முட்டிபோட்டு, நான் நின்ற இடத்துத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி மணலில் கொட்டினாள். அடுத்த அலை வந்து அவளையும் சேர்த்து நனைத்துவிட்டுப் போனது. அவள் அழுதாள். கருமாதி அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. மாமா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, பக்கத்தில் வரவேயில்லை.

எனக்கு அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. இத்தனை பெரிய கடலில் அந்தத் துளி எந்த மூலைக்கு? எவ்வளவு மீன் இருக்கிறது, அவையெல்லாம் ஒன்றுக்கு எங்கே போகின்றன? மணலில் போய் உட்கார்ந்துகொண்டேன். வெகுநேரம் கழித்து, சேலை சொட்டச் சொட்ட வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையைப் பிழிந்து என் முகத்தைத் துடைத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவளுக்கு எது வலிக்குமோ அதைச் சொல்கிறோம் என்று நினைத்து, என் கட்சியையே கலைத்தேன்.

“பேசாம கோடியக்கரைக்கே போயிருக்கலாம்.”

அம்மா கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “அங்க யாருடா இருக்கா?”

“மான் இருக்கு. காட்டுக்குதிரகூட இருக்காம், வாத்தியார் சொன்னாரு.”

அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாவிட்டால் தோற்றுவிட்டாள் என்றுதானே கணக்கு. அந்தப் பேச்சிலும் நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்துக்கொண்டு, அவள் மடியிலேயே தலைவைத்துத் தூங்கிப்போனேன்.