சித்தப்பா வீட்டு வால்வு

நான் பலவற்றைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் வயிறு உண்மையாகவே எரிந்தது ஒரு கழிவறையைப் பார்த்துத்தான்.

அப்போது லிங்கி பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அப்பா தோட்டத்துத் தண்ணீர் பம்பைப் பார்த்துக்கொண்டவர். நாலு வீடு தள்ளி அப்பாவின் தம்பி, என் சித்தப்பா வீடு. நீலாய் நகரில் ஒரு பேரங்காடியில் குழாய் வேலை செய்த அவர், அங்கே கழற்றிப் போட்ட ஃபிளஷ் வால்வு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, தடித்த குழாய் இழுத்துத் தன் வீட்டுக் கழிவறையில் பொருத்தினார். தொட்டியே கிடையாது. கைப்பிடியை அமுக்கினால் தண்ணீர் சீறிப் பாய்ந்து தானாக நின்றுவிடும்.

சித்தப்பா மகளுக்கும் என் வயதுதான். ஒரு வாரம் அவள் கால் தரையில் படவில்லை.

"உள்ளுக்கு ஒரு ரப்பர் தட்டு இருக்குலா. மேல நிக்கிற தண்ணி அத அமுக்கிப் புடிச்சிருக்கும். கைப்பிடிய அமுக்குனா அந்தத் தண்ணி வெளிய போயிடும், தட்டு தூக்கிக்கும். அப்புறம் சின்ன ஓட்டை வழியா மேல மறுபடி தண்ணி ரொம்புனதும் மூடிக்கும்," என்று டீச்சர் மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு என்னை ஒரே ஒரு தடவைதான் அமுக்க விட்டாள்.

எங்கள் வீட்டில் வாளியும் குவளையும்தான். அப்பாவிடம் போய் நச்சரித்தேன்.

"நம்ம தோட்டத்து டேங்கு உயரத்துக்கு அது எப்பவும் சரிவராதும்மா. டேங்குல தண்ணி எறங்கி வேகம் கொறஞ்சா தட்டு ஒக்காராது, ஓடிக்கிட்டே இருக்கும்," என்றார். அவருக்கும் பொறாமை என்று முடிவு கட்டினேன்.

தீபாவளிக்குச் சித்தப்பா தன் வேலையிடத்துக் கூட்டாளிகளை அழைத்திருந்தார். சாப்பாட்டுக்கு முன்பே வால்வைக் காட்டக் கூட்டிப்போனார். தோட்டமே குளித்துச் சமைத்து டேங்கைக் காலி செய்துகொண்டிருந்த நேரம். அமுக்கினார். தண்ணீர் சீறவில்லை. சளசளவென்று ஓடியது, நிற்கவும் இல்லை. கைப்பிடியைத் தட்டினார், ஆட்டினார், அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அவர் மகளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. அப்பாவுக்கும் காட்டலாம் என்று திரும்பினால் ஆளைக் காணோம்.

கொஞ்ச நேரத்தில் குழாய் உறுமியது. தண்ணீர் ஒரு பாய்ச்சல் பாய்ந்து டப்பென்று நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"நம்ம கை பட்ட வேலைலா!" என்றார் சித்தப்பா.

அப்பா மூச்சிரைக்க வந்தார். தீபாவளிச் சட்டையில் டீசல் கறை.

"எங்கப்பா போனீங்க? நல்ல நேரத்துல காணாமப் போயிட்டீங்க," என்று கோபித்துக்கொண்டேன்.

"சும்மாதான்," என்றார். புதுச் சட்டையைப் பாழாக்கியதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவர் ஓடிப்போய்ப் பம்பை முடுக்கி, தண்ணீரை நேரே வீட்டுக் குழாய்களுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. இப்போது என் அலுவலகத்திலும் அதே மாதிரி வால்வுதான், எத்தனை தடவை வேண்டுமானாலும் அமுக்கலாம். அமுக்கும்போதெல்லாம் சித்தப்பாவை நினைத்து வயிறு எரிகிறது. எனக்கு அப்படி ஓர் அண்ணன் இல்லை.