ஃபைலில் கைவைத்தது யார்?

அலுவலகத்தில் அவளை மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தைச் சூட்டியதே அவள் நாத்தனார், அதாவது கணவனின் அக்கா. இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வீடு. கீழே நாத்தனார், மாடியில் இவள். மோட்டாரை அணைக்காமல் போனது யார் என்று காலையில் ஆரம்பிக்கும் சண்டை, ஆபீஸுக்குப் போனதும் பல்லைக் கடித்தபடி மரியாதையாகத் தொடரும்.

மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்து தருகிற கம்பெனி அது. புதுப் பதிப்பு வந்ததிலிருந்து ஆமை கெட்டது போங்கள், அவ்வளவு மெதுவு. மீட்டிங்கில் மேனேஜர் காரணம் கேட்டு முடிப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"தேடல் பகுதிதான் சார். மிளகா எழுதினது. வேற என்ன?"

"பாத்துட்டு சொல்லுங்க மேடம்," என்றாள் இவள்.

"இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

இவள் பார்த்தாள். ஒரு நிரல் ஓடும்போது எங்கே எவ்வளவு நேரம் செலவாகிறது என்று பதிவு செய்யும் கருவியை ஓடவிட்டாள். பதிவைத் திறந்தால், பாதி நேரம் எந்தப் பகுதி என்ற பெயரே இல்லாமல் வெறும் எண்களின் கணக்கில் கிடந்தது. அவர்களுடைய நிரல் ஓடும்போதே தன் கட்டளைகளில் பலவற்றைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும் ரகம். அவற்றின் பெயர்கள் பதிவுக் கருவிக்குத் தெரியாது. அந்தப் பெயர்களை நிரல் தனியாக ஒரு ஃபைலில் எழுதி வைக்கும். இரண்டையும் சேர்க்க ஒரு கட்டளை உண்டு, இன்ஜெக்ட் என்று. கறுப்புத் திரையில் ஒரே வரி. பழைய பதிவைப் படித்து, பெயர்களைக் கோத்து, புதுப் பதிவாகக் கொடுத்துவிடும்.

கொடுத்தது. அதிலும் அதே எண்கள். மிளகாய் கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்து தண்ணீர் குடித்து வந்தாள். பிறகுதான் உறைத்தது. கம்ப்யூட்டருக்குள்ளேயே பதிவு ஒரு கடிகாரத்தைப் பார்த்திருக்கிறது, பெயர் ஃபைல் வேறொரு கடிகாரத்தை. நேரம் ஒத்துப்போகாவிட்டால் பெயர் எப்படி ஒட்டும்? இரண்டுக்கும் ஒரே கடிகாரம் வைத்து மறுபடி பதிவு செய்து, மறுபடி கட்டளை கொடுத்தாள்.

பெயர்கள் வந்தன. அதிக நேரம் தின்றதாக உச்சியில் நின்றது, ஒவ்வொரு கிளிக்குக்கும் மொத்த டாக்டர் பட்டியலையும் முதலிலிருந்து அடுக்குகிற பகுதி. நாத்தனார் எழுதியது.

மிளகாய்க்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. பக்கத்து அறைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அடுத்த மீட்டிங்கில் பெரிய திரையில் போட்டாள்.

நாத்தனார் முகம் கறுத்தது. "சார், அந்தக் கட்டளை பேரே இன்ஜெக்ட். ஊசி போட்டு என் பேரை ஏத்திருக்கா. பழைய ஃபைல்ல என் பேரு எங்க இருக்கு?"

மேனேஜர் மிளகாயைச் சந்தேகமாகப் பார்த்தார். அந்தப் பார்வைதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"பழைய ஃபைல் அப்படியே இருக்கு மேடம். நான் தொடவே இல்ல. உங்க மெஷின்ல, உங்க கையாலயே ஓட்டிப் பாருங்க."

நாத்தனார் ஓட்டினாள். டக்டக்கென்று விசைகள் உடைகிற மாதிரி தட்டினாள். எல்லாரும் பின்னால் நின்றார்கள். அதே பெயர் உச்சியில் வந்து உட்கார்ந்தது. நாத்தனாரின் விரல் ஒரு வரி கீழே இறங்கியது.

"ரெண்டாவதா நிக்குதே, இது யாருது?"

தேடல் பகுதி.

"என்னுதுதான். இல்லேன்னு நான் எப்ப சொன்னேன்? சரி பண்றேன்."

இருவரும் அவரவர் பகுதியைத் திருத்தினார்கள். மென்பொருள் பழைய வேகத்துக்குத் திரும்பியது. மேனேஜர் இருவரையும் சேர்த்து ஒரே மெயிலில் பாராட்டினார். இரண்டு பேருக்குமே எரிந்தது.

அன்று மாடியில் கணவன் மெல்ல ஆரம்பித்தான். "அக்காகிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"உங்கக்கா என்னைப் பத்தி தனியாவா சொன்னாங்க?"

அவளுக்கும் தெரியும், அந்த முகம் கறுப்பதைப் பார்க்கத்தான் காத்திருந்தாள் என்று. பார்த்த சந்தோஷம் வீடு வந்து சேரும்வரைகூட நிற்கவில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு வீடு காலியாக இருந்தது. மிளகாயும் கணவனும் அங்கே குடிபோகச் சாமான் ஏற்றிய அன்று நாத்தனார் வாசல் கேட் அருகில் கைகட்டி நின்றாள்.

"பீரோவை இடிக்காம இறக்கச் சொல்லு. சுவருக்கு இப்பதான் பெயிண்ட் அடிச்சிருக்கு."

மிளகாய் திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டாள்.