அனுபவம் போதாது

முதல் கவளம் வாய்க்குள் போனதும் கதிரித்தம்பியரின் கை சோற்றிலேயே நின்றுவிடும். மனைவி யசோதா குசினி வாசலில் நின்று, "உப்புக் காணுமோ?" என்று கேட்பாள். "ஒரு வாயை வைச்சு ஒரு சட்டியைத் தீர்மானிக்கேலாது. அனுபவம் போதாது," என்பார். அதன்பின் அனுபவம் சேர்க்கத் தொடங்குவார். மறுசோறு வரும், மறுகுழம்பு வரும், கடைசியில் சட்டியே வழித்துத் துடைக்கப்படும். கை கழுவும்போதுதான் தீர்ப்பு: "கொஞ்சம் கூடிப்போச்சுது." யசோதாவுக்கு மிஞ்சுவது ரசமும் அந்தத் தீர்ப்பும்தான்.

கண்டி நகரில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் அவர் கிளாக்கர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கே குளிருக்குக் கோட்டும் கம்பளிச் சால்வையும் பழகிக்கொண்டவர். பகலில் எரிந்த கடைகளுக்கும் முறிந்த கால்களுக்கும் பணம் கேட்டு வரும் கடுதாசிகளைப் பார்ப்பார். மாலையில் சீமைப் பரீட்சை ஒன்றுக்குப் படிப்பார். அக்சுவரி என்று அதற்குப் பெயர். ஆயிரம் பேரில் எத்தனை பேர் சாவார்கள், ஆயிரம் கூரையில் எத்தனை எரியும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிற உத்தியோகம். கண்டியில் அதைப் படித்தவர் வேறு ஒருவரும் இல்லை. ஆகையால் அவர் படிப்பது சரியா பிழையா என்று சொல்லவும் ஆள் இல்லை. இப்படி ஒரு வசதி எல்லோருக்கும் வாய்த்துவிடாது.

தேயிலைத் தோட்டத்து விபத்துகளுக்கு நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து அவர் கையில் ஓர் அமெரிக்கப் புத்தகம். ஹந்தானையில் ஒரு தோட்டத்து இயந்திரத்தில் இரண்டு பேருடைய விரல் போய்விட்டது என்று வையுங்கள். அந்தத் தோட்டத்தின் சொந்த அனுபவத்தை எவ்வளவு நம்பலாம்? மலைநாட்டுத் தோட்டங்கள் அத்தனையின் பொது அனுபவத்தை எவ்வளவு நம்பலாம்? சிறிய இடம் சொல்வதைக் கொஞ்சமாக நம்பு, ஊரெல்லாம் சேர்ந்து சொல்வதை அதிகமாக நம்பு, சொந்த அனுபவம் பெருகப் பெருக அதற்கும் இடம் கொடு என்கிறது புத்தகம். நல்ல பாடம்தான். கந்தோரிலேயே வைத்துப் பூட்டியிருந்தால் யாருக்கும் ஒரு குறையும் வந்திராது. கதிரித்தம்பியர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மலைப்பக்கம் கறுத்திருந்தால், "ஒரு முகில்தானே" என்று குடையைக் கதிரையில் கொழுவிவிட்டுப் போவார். வாவிக்கரையில் தெப்பமாக நனைந்து, சால்வையைப் பிழிந்தபடி திரும்புவார். பரீட்சையில் இருமுறை தவறியாயிற்று. "ரண்டு தரம் தவறினதை வைச்சு ஒரு மனுசனை மட்டுக்கட்டேலாது," என்கிறார். தம்முடைய சொல்லை மட்டும் எந்தக் கழிவும் இல்லாமல் முழுசாக நம்புவார். யசோதாவின் சொல்லுக்கு அவர் போடும் பெறுமதியைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அவர்களுடையது மலையை வெட்டிக் கட்டிய வாடகை வீடு. குசினிக்குப் பின்னால் கூரையைவிட உயரமாக மண்மேடு நிற்கும். போன ஐப்பசி மழையில் அது கூடை கூடையாக உதிரத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், குசினியை ஒட்டிய அறையில் நாலு வயது மகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். முன்னறையில் படித்துக்கொண்டிருந்தவரிடம் யசோதா நனைந்த தலையோடு ஓடிவந்தாள்.

"இஞ்சாருங்கோ, மேடு வெடிச்சிருக்கு. தண்ணி செம்மண்ணாய் வருது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுவம்."

"நீர் இந்த வீட்டுக்கு வந்து ஒரு மாரிதான். இந்தத் தெருவிலை எத்தினை மேடு எத்தினை வருசமாய் நிக்குது? அதையெல்லோ பாக்கவேணும். உம்மடை அனுபவம் போதாது."

அதோடு விட்டாரா? நட்டங்கள் எப்படிப் பரந்து கிடக்கின்றன என்ற அடுத்த பாடத்தையும் அங்கேயே தொடங்கிவிட்டார். தாளில் ஒரு கூனல் கீறி, அதிலிருந்து வலப்பக்கமாக நீளமாய் ஒரு வாலை இழுத்தார். "சின்ன நட்டம் கனக்க வரும், அது இந்தக் கூனல். பெரிய நட்டம் அருமை. அது இந்த வால். மெலிஞ்சு மெலிஞ்சு போகும்."

"உந்த வால் எங்கை முடியுது?"

"முடியாது. அதுதானே அதின்ரை வடிவு!"

"முடியாத வால் எங்கடை குசினிக்குப் பின்னாலைதான் கிடக்கு," என்றாள் யசோதா. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மழையோடு மழையாக எதிர்வீட்டுக்குப் போனாள்.

எதிர்வீட்டு ரபீகா கதவைத் திறந்தபடியே வைத்திருந்தாள். "புள்ளய என்ட கட்டில்ல போடுங்க தங்கச்சி. புள்ளேட வாப்பா எங்க?"

"அவர் இருந்து வால் கீறுறார்."

அவர் வாலைக் கீறி முடிக்கவில்லை. பின்பக்கத்தில் முதலில் ஓடுகள் நொறுங்கின, பிறகு சுவர் சாய்ந்தது. மகள் படுத்திருந்த அறைக்குள் இடுப்பளவு சேறு வந்து நின்றது. பாயின் ஒரு மூலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கதிரித்தம்பியர் அந்த மூலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பாய் வரவில்லை. பிள்ளை எதிர்வீட்டில் இருக்கிறாள் என்று நன்றாகத் தெரிந்திருந்தும் மறுபடி இழுத்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அன்றைக்கு அந்த மனிதர் பயந்துதான் போனார். அதில் பகிடி ஒன்றும் இல்லை.

ஆனால் சேறு அள்ள வந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றி நிமிர்வதற்குள் பயம் தெளிந்துவிட்டது. "நான் பிழை விடேல்லை. இது வாலிலை வந்த நட்டம்," என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினார். யசோதா காதில் விழாதவள் போல நனைந்த தலையணைகளைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

இப்போது மேட்டுக்குக் கருங்கல் அணை கட்டியாயிற்று. கதிரித்தம்பியர் மூன்றாம் முறையாகப் பரீட்சைக்குப் படிக்கிறார். மழை இரைந்து பெய்தால் யசோதா வாதாடுவதில்லை, அவரிடம் சொல்லிக்கொள்வதுமில்லை. மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கிவிடுவாள். "ஒருக்கா விழுந்ததை வைச்சு..." என்று அவர் தொடங்குவார். கேட்க ஆள் இருக்காது. சற்று நேரம் பென்சிலைக் கடிப்பார். பின்சுவரை ஒருமுறை பார்ப்பார். பிறகு புத்தகத்தை விரித்தது விரித்தபடி போட்டுவிட்டு, கதிரையில் கொழுவிய குடையையும் மறந்து, தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ரபீகா வீட்டு வாசலை நோக்கி ஓடுவார்.